ஜாவா சிமுலேஷன் புரோகிராமை விண்டோஸ், மேக், லினக்ஸ்ல தொறக்குறதும் ஒழுங்கா மூடுறதும்: முழு வழிகாட்டி

செமஸ்டர் ஆரம்பிச்சா போதும், பினாங்குல பட்டவொர்த், பெர்மாத்தாங் பாவ் பக்கம் டிப்ளோமா படிக்குற பிள்ளைங்க கிட்டருந்து வாட்சாப்ல ஒரே மாதிரி கேள்வி வந்துடும். "அண்ணே, லெக்சரர் லாஜிசிம் கொடுத்தாரு, டபுள் கிளிக் பண்ணா வின்ரார் தொறக்குது, உள்ள என்னென்னமோ ஃபோல்டரா இருக்கு, வைரஸா?" வைரஸ் இல்ல தம்பி. ஜாவா புரோகிராம் அப்படித்தான் இருக்கும். எப்படி தொறக்குறதுன்னு எல்லாரும் கேக்குறாங்க, எப்படி மூடுறதுன்னு ஒருத்தர் கூட கேக்குறதில்ல, அப்பறம் ரெண்டு வாரம் கழிச்சு "லேப்டாப் சூடாகுது, ஃபேன் கத்துது, போட்ட சர்க்கியூட் காணோம்"னு வராங்க. அதனால ரெண்டையும் சேத்து ஒரே எடத்துல எழுதி வெக்குறேன்.

உதாரணத்துக்கு லாஜிசிம்மையே எடுத்துக்குறேன், ஏன்னா பாயான் லெப்பாஸ் ஃபேக்டரிக்கு போகணும்னு எலெக்ட்ரானிக்ஸ் எடுக்குற பாதி பேருக்கு முதல் சிமுலேட்டர் அதான். கார்ல் பர்ச்ங்குற ஒரு பேராசிரியர் எழுதுன டிஜிட்டல் சர்க்கியூட் சிமுலேட்டர் அது. 2014ல அவர் அத மேம்படுத்துறத நிறுத்திட்டாரு, 2.7.1 தான் அவரோட கடைசி முக்கியமான வெர்ஷன், அதுக்கப்பறம் மத்தவங்க சேந்து லாஜிசிம் எவல்யூஷன்னு தொடர்ந்துட்டு வராங்க. ஆனா இங்க சொல்றதுல முக்காவாசி எந்த ஜாவா சிமுலேஷனுக்கும் பொருந்தும், நெட்லோகோங்குற சிமுலேட்டரா இருந்தாலும் சரி, உங்க லெக்சரரே எழுதிக் கொடுத்த, வரிசைல ஆள் நிக்குறத காட்டுற சின்ன குவீ சிமுலேஷனா இருந்தாலும் சரி.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடுறேன். கமாண்ட எல்லாம் தமிழ் எழுத்துலதான் எழுதிருக்கேன், நீங்க அடிக்கும்போது இங்கிலீஷ் சின்ன எழுத்துல அடிங்க, பெரிய எழுத்து வேணும்னா அங்கயே சொல்றேன். முன்னாடி சின்ன கோடு இருந்தா அது மைனஸ் கீ.

மொதல்ல ஜார் ஃபைல்னா என்ன

புரோகிராம் ஃபைல் பேரு கடைசில புள்ளி ஜார்னு முடியும். அது ஒரு ஸிப் ஃபைல்தான், உள்ள ஜாவா கிளாஸ் ஃபைல் எல்லாம் அடுக்கி, கூடவே மேனிஃபெஸ்ட்னு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும், எந்த கிளாஸ்லருந்து ஆரம்பிக்கணும்னு அதுலதான் எழுதிருக்கும். ஸிப்ங்குறதாலதான் வின்ரார் "இது என்னோடது"ன்னு புடிச்சுக்குது. தயவு செஞ்சு எக்ஸ்ட்ராக்ட் பண்ணாதீங்க. உள்ள இருக்குறத வெளிய எடுத்து ஃபோல்டர்ல போட்டுட்டு எந்த ஃபைல தொறக்குறதுன்னு தேடிட்டு இருக்குறவங்கள நெறைய பாத்திருக்கேன்.

ஜார் தானா ஓடாது. அத ஓட்ட ஜாவா ரன்டைம் வேணும். 1995ல சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஜாவாவ வெளியிட்டப்ப ஒரு தடவ எழுதுனா எங்க வேணும்னாலும் ஓடும்னு சொன்னாங்க. அது உண்மைதான், அதனாலதான் ஒரே ஜார் ஃபைல் உங்க விண்டோஸ்லயும் ஓடுது உங்க ஃப்ரெண்டோட மேக்லயும் ஓடுது. ஆனா "சரியான ஜாவா வெர்ஷன் இருந்தா"ன்னு ஒரு கண்டிஷன் இருக்கு, பிரச்சன மொத்தமும் அங்கதான்.

முன்னெல்லாம் பிரவுசருக்குள்ளேயே ஆப்லெட்டா ஓடும், கிளிக் பண்ணா போதும். குரோம் 2015லயும் ஃபயர்ஃபாக்ஸ் 2017லயும் அந்த வசதிய எடுத்துட்டாங்க. ஜாவா வெப் ஸ்டார்ட்னு இன்னொரு வழி இருந்துச்சு, ஜாவா 11 வந்தப்ப அதுவும் போச்சு. அதனால பழைய பாடக்குறிப்புல "லிங்க கிளிக் செய்யவும்"னு இருந்தா நம்பாதீங்க, ஜார் ஃபைல டவுன்லோட் பண்ணி கம்ப்யூட்டர்லயே ஓட்டுறதுதான் இப்ப வழி.

எந்த ஜாவா போடுறது

ஒவ்வொரு ஜார் ஃபைலும் ஏதோ ஒரு ஜாவா வெர்ஷனுக்காக கம்பைல் பண்ணிருப்பாங்க. பழைய வெர்ஷனுக்கு பண்ணது புது ஜாவால பெரும்பாலும் ஓடிடும், புதுசுக்கு பண்ணது பழைய ஜாவால ஓடவே ஓடாது. பழைய லாஜிசிம் 2.7.1க்கு ஜாவா 8 இருந்தாலே போதும். லாஜிசிம் எவல்யூஷன் 3.8க்கு ஜாவா 16 இல்லன்னா அதுக்கு மேல வேணும். ஜாவா 8 வெச்சுகிட்டு அத தொறந்தா அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன் எரர்னு ஒரு நீளமான வரி வரும், அதுல ரெண்டு நம்பர் இருக்கும், 60.0ன்னு ஒண்ணு 52.0ன்னு ஒண்ணு. மொதல்ல வர்றது புரோகிராம் கேக்குறது, அடுத்தது உங்க கிட்ட இருக்குறது. 52ன்னா ஜாவா 8, 55ன்னா 11, 60ன்னா 16, 61ன்னா 17, 65ன்னா 21. 44 கழிச்சா ஜாவா நம்பர் வந்துடும், அவ்ளோதான் கணக்கு. இந்த எரர் வந்தா ஜார் ஃபைல திரும்ப திரும்ப டவுன்லோட் பண்ணி ஒரு பிரயோஜனமும் இல்ல, ஜாவாவத்தான் மாத்தணும்.

புதுசா போடுறவங்களுக்கு என் சிபாரிசு: எக்லிப்ஸ் டெமுரின்ங்குற ஜாவா, வெர்ஷன் 17 இல்லன்னா 21, ரெண்டும் நீண்டகால சப்போர்ட் உள்ளது. அடாப்டியம் தளத்துல இலவசமா கெடைக்கும், அக்கவுண்ட் எதுவும் கேக்காது. ஆரக்கிள் ஜாவா படிக்குறவங்களுக்கு ஓகே, ஆனா 2019லருந்து லைசென்ஸ் விதிய மாத்துனாங்க, கம்பெனி கம்ப்யூட்டர்ல போடுறதா இருந்தா லைசென்ஸ படிச்சுட்டு போடுங்க. இன்டர்ன்ஷிப் போற எடத்துல ஐடி டிபார்ட்மெண்ட் கிட்ட வாங்கிக் கட்டிக்க வேணாம்.

ஜேடிகேயா ஜேஆர்இயான்னு கேக்கும். ஜேஆர்இ ஜாவா புரோகிராம ஓட்ட மட்டும், ஜேடிகே எழுதுறதுக்கான டூலும் சேந்தது. ஓட்ட மட்டும்தான்னா ஜேஆர்இ போதும், ஆனா நான் ஜேடிகே போடச் சொல்வேன், கொஞ்சம் பெருசு அவ்ளோதான், அதுல வர்ற ஜேபிஎஸ்ங்குற டூல் மூடுற நேரத்துல கை கொடுக்கும், கீழ வருது.

விண்டோஸ்ல தொறக்குறது

டெமுரின் எம்எஸ்ஐ ஃபைல ஓட்டுங்க. நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு கண்ண மூடிட்டு அமுக்காம, எதெது இன்ஸ்டால் ஆகணும்னு கேக்குற பக்கத்துல நில்லுங்க. பாத்ல, அதாவது கமாண்ட் அடிச்சா விண்டோஸ் தேடுற ஃபோல்டர் லிஸ்ட்ல, சேக்குறதும் ஜார் ஃபைல ஜாவாவோட இணைக்குறதும் ஆன்ல இருக்கான்னு பாருங்க. முடிஞ்சதும் ஏற்கனவே தொறந்திருந்த கமாண்ட் பிராம்ப்ட், அதான் கமாண்ட் அடிக்குற ஜன்னல், எல்லாத்தையும் மூடிட்டு புதுசா ஒண்ணு தொறங்க, பழைய ஜன்னலுக்கு புது பாத் தெரியாது. அதுல ஜாவா -வெர்ஷன்னு அடிங்க. நீங்க போட்ட நம்பர் வந்தா சரி. 1.8ன்னு வந்தா அது ஜாவா 8, எப்பவோ யாரோ போட்டது முன்னாடி நிக்குதுன்னு அர்த்தம். எங்கெங்க ஜாவா இருக்குன்னு பாக்க கமாண்ட் பிராம்ப்ட்ல வேர் ஜாவான்னு அடிச்சா மொத்த லிஸ்டும் வரும், மேல இருக்குறதுதான் ஓடும். பவர்ஷெல்லா இருந்தா அதே கமாண்ட் ஒண்ணுமே காட்டாது, அங்க வேர் புள்ளி இஎக்ஸ்இ ஜாவான்னு முழுசா அடிக்கணும், ஏன்னா பவர்ஷெல்ல வேர்ங்குறது வேற ஒரு வேலைக்கு வெச்சிருக்காங்க.

இப்ப ஜார் ஃபைல தொறக்கணும். டபுள் கிளிக் ஒர்க் ஆனா சந்தோஷம். வின்ரார் வந்தா ஃபைல் மேல ரைட் கிளிக், ஓப்பன் வித், சூஸ் அனதர் ஆப், அதுல ஜாவா பேரு இருந்தா செலக்ட் பண்ணிட்டு ஆல்வேஸ் போடுங்க.

ஆனா நான் எல்லாருக்கும் சொல்றது டபுள் கிளிக்க நம்பாதீங்கன்னுதான். டபுள் கிளிக் பண்ணும்போது விண்டோஸ் கூப்புடுறது ஜாவாடபிள்யூங்குற புரோகிராம, அதுக்கு கன்சோல் ஜன்னல் கெடையாது, உள்ள என்ன எரர் வந்தாலும் எழுத எடம் இல்ல, அதனால கர்சர் கொஞ்சம் சுத்திட்டு அமைதியாயிடும். நீங்க மறுபடி மறுபடி கிளிக் பண்ணுவீங்க. ஒண்ணுமே வராது, இல்லன்னா மெதுவா தொறக்குற கம்ப்யூட்டரா இருந்தா திடீர்னு நாலு ஜன்னல் ஒண்ணா வந்து நிக்கும். கமாண்ட் பிராம்ப்ட்லருந்து தொறந்தா என்ன கோளாறுன்னு அதுவே சொல்லிடும். வழி ரொம்ப ஈசி: ஜார் இருக்குற ஃபோல்டர ஃபைல் எக்ஸ்ப்ளோரர்ல தொறங்க, மேல அட்ரஸ் பார் இருக்குல்ல, அதுல கிளிக் பண்ணி சிஎம்டின்னு அடிச்சு என்டர். அதே ஃபோல்டர்ல கமாண்ட் பிராம்ப்ட் வந்துடும். அப்பறம் ஜாவா -ஜார்னு அடிச்சு ஒரு இடைவெளி விட்டு, ஃபைல் பேரோட மொத மூணு எழுத்த அடிச்சுட்டு டேப் கீய தட்டுங்க, மிச்சப் பேர அதுவே போட்டுக்கும், இடைவெளி இருக்குற பேரா இருந்தா மேற்கோள் குறியும் அதுவே போட்டுக்கும். ரெண்டாவது தடவ டவுன்லோட் பண்ணதால பேருக்குப் பின்னாடி 1ன்னு ஒட்டிகிட்ட ஃபைல் எல்லாம் கையால அடிக்கப் போயிதான் "அன்ஏபிள் டு ஆக்சஸ் ஜார்ஃபைல்"னு வாங்குறாங்க. ஒண்ணு ஃபைல் அங்க இல்ல, இல்லன்னா பேர தப்பா அடிச்சிருக்கீங்க, அந்த எரருக்கு பெரும்பாலும் அதான் அர்த்தம்.

இன்னொரு எரர், நோ மெயின் மேனிஃபெஸ்ட் ஆட்ரிப்யூட். நீங்க எடுத்தது ஓட்டுற ஜார் இல்ல, மத்த புரோகிராம் உள்ள சேத்துக்குற லைப்ரரி ஜார். டவுன்லோட் பக்கத்துக்கு திரும்பப் போயி சரியானத எடுங்க, சோர்ஸ்னு பேர்ல இருக்குறத எடுக்காதீங்க.

புது லேப்டாப்ல, ஸ்க்ரீன் ரெசல்யூஷன் கூடுதலா இருக்குற மெஷின்ல, ஜாவா 8 வெச்சு தொறந்தா மெனு எழுத்தெல்லாம் எறும்பு சைசுல வரும். ஜாவா 9லருந்து அது சரியாயிடுச்சு, அதனால புது ஜாவால ஓட்டிப் பாருங்க. ஜாவா 8தான் வேணும்னா ஜாவாடபிள்யூ ஃபைலோட பிராப்பர்ட்டீஸ்ல கம்பேட்டிபிலிட்டி டேப்ல ஹை டிபிஐ செட்டிங்க மாத்தி சிஸ்டம் என்ஹான்ஸ்ட்னு வெச்சுக்கலாம்.

காலேஜ் லேப்ல அட்மின் பாஸ்வேர்ட் கேக்குதா? டெமுரின ஸிப் ஃபைலாவும் தராங்க. அத பென்டிரைவ்ல விரிச்சு வெச்சுக்குங்க, இன்ஸ்டால் எதுவும் வேணாம், உள்ள பின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல இருக்குற ஜாவாவ கமாண்ட் பிராம்ப்டுக்குள்ள இழுத்துப் போட்டு, இடைவெளி, -ஜார், இடைவெளி, ஜார் ஃபைலயும் இழுத்துப் போட்டு என்டர். லேப் ரூல் பென்டிரைவ் புரோகிராம ஓட்ட விடுதான்னு மட்டும் டெக்னீஷியன ஒரு வார்த்த கேட்டுக்குங்க.

மேக்ல

மேக்ல ஜாவாவே இல்லாம இருந்தாலும் ஜாவாங்குற கமாண்ட் இருக்கும், அது வெறும் பொம்மை, அடிச்சா ஜாவா ரன்டைம் காணோம்னு சொல்லிட்டு நின்னுடும். டெமுரின் போடுங்க. போடும்போது சிப் எதுன்னு பாத்துக்குங்க: 2020 கடைசில வந்த எம்1லருந்து எல்லாம் ஆப்பிள் சிலிக்கான், அதுக்கு ஏஆர்ச்64ன்னு போட்டிருக்குறத எடுக்கணும், பழைய இன்டெல் மேக்குக்கு எக்ஸ்64. ஆப்பிள் மெனு, அபவுட் திஸ் மேக்ல பாத்தா தெரிஞ்சுடும்.

மேக்குல லாஜிசிம் வேணும்னா பழைய 2.7.1ல மல்லுக்கட்டாம எவல்யூஷனோட டிஎம்ஜி ஃபைல எடுங்க, அதுக்குள்ளேயே ஜாவா சேந்து வருது, தனியா எதுவும் போட வேணாம். லெக்சரர் 2.7.1தான் வேணும்னு அடம் புடிச்சா மட்டும் ஜார். அப்பவும் ஒண்ணு கவனிங்க, எவல்யூஷன்ல சேவ் பண்ண ஃபைல் பழைய லாஜிசிம்ல அப்படியே தொறக்கும்னு நம்பி சப்மிட் பண்ணிடாதீங்க. லெக்சரர் எதுல தொறப்பாரோ அதுலயே ஒரு தடவ தொறந்து பாருங்க.

ஆப்பிள் அடுத்து குடுக்குற தொல்லை கேட்கீப்பர்ங்குற பாதுகாப்பு வசதி. "டெவலப்பர் யாருன்னு தெரியல, தொறக்க மாட்டேன்"னு ஒரு பெட்டி வரும், அதுல மூவ் டு டிராஷ்னு பட்டன் வேற, அத அமுக்கிடாதீங்க. பழைய மேக்ஓஎஸ்ல கன்ட்ரோல் புடிச்சு கிளிக் பண்ணி ஓப்பன் கொடுத்தா போதும், 2024ல வந்த சிக்கோயாலருந்து அந்த குறுக்குவழிய மூடிட்டாங்க, இப்ப சிஸ்டம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, கீழ உருட்டிட்டு போயி ஓப்பன் எனிவே. இது நீங்க நம்பகமான எடத்துலருந்து எடுத்த ஃபைலுக்கு மட்டும்தான், யாரோ டெலிகிராம்ல அனுப்புனதுக்கு இல்ல.

டெர்மினல்லருந்து தொறக்குறதும் சுலபம்: ஜாவா -ஜார் இடைவெளின்னு அடிச்சுட்டு ஃபைண்டர்லருந்து ஜார் ஃபைல டெர்மினலுக்குள்ள இழுத்து விடுங்க, முழு வழியும் தானா எழுதிக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர தொட டெர்மினலுக்கு அனுமதி கேட்டு பெட்டி வந்தா அலோ குடுங்க. அவசரத்துல வேணாம்னு அமுக்கிட்டீங்கன்னா ஃபைல் கண்ணு முன்னாடி இருந்தும் படிக்க முடியலன்னு சொல்லும், அப்ப ஃபைல டெஸ்க்டாப் டவுன்லோட்ஸ் ரெண்டுலயும் இல்லாம ஹோம்ல ஒரு ஃபோல்டர் போட்டு வெச்சா தல வலி இல்ல.

லினக்ஸ், அப்பறம் குரோம்புக்

லினக்ஸ்காரங்களுக்கு நீட்டி சொல்ல வேணாம். உபுண்டுல சுடோ ஏபிடி இன்ஸ்டால் போட்டு ஓப்பன்ஜேடிகே-17-ஜேடிகே எடுங்க. பேருல ஹெட்லெஸ்னு இருக்குறது மட்டும் வேணாம், அதுல ஜன்னல் வரையுற பகுதி கெடையாது, சிமுலேட்டர தொறந்தா ஹெட்லெஸ் எக்ஸெப்ஷன்னு சொல்லி விழுந்துடும். ரெண்டு மூணு ஜாவா இருந்தா சுடோ அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் --கான்ஃபிக் ஜாவா அடிச்சு நம்பர் போட்டு மாத்திக்கலாம். தொறக்குறது அதே ஜாவா -ஜார்தான்.

ஸ்கூல் குரோம்புக்ல லினக்ஸ் டெவலப்மெண்ட்னு செட்டிங்ல ஒண்ணு இருக்கும், அத ஆன் பண்ணா டெர்மினல் கெடைக்கும், மேல சொன்னதேதான். ஸ்கூல் அட்மின் அத பூட்டி வெச்சிருந்தா ஒண்ணும் பண்ண முடியாது. ஹேண்ட்ஃபோன், ஐபேட் கேக்கவே வேணாம், டெஸ்க்டாப் ஜார் அதுல அப்படியே ஓடாது.

ஓடும்போது மெமரி

ஜாவா எவ்ளோ மெமரி எடுக்கலாம்னு நீங்க சொல்லலன்னா, கம்ப்யூட்டர் மெமரில நாலுல ஒரு பங்க அதிகபட்சமா வெச்சுக்கும். 8ஜிபி லேப்டாப்னா 2ஜிபி, லேப்ல இருக்குற பழைய 4ஜிபி மெஷின்னா 1ஜிபி. லாஜிசிம்முக்கு அது தாராளம். நெட்லோகோ மாதிரி ஆயிரக்கணக்குல ஏஜெண்ட் ஓடுற சிமுலேஷன்தான் அவுட் ஆஃப் மெமரின்னு நிக்கும். அப்ப ஜாவாக்கும் -ஜாருக்கும் நடுவுல மைனஸ், பெரிய எக்ஸ், சின்ன எம், சின்ன எக்ஸ், ஒட்டி 3ஜின்னு போடுங்க, இடைவெளி எங்கயும் விடாம. ஜார் ஃபைல் பேருக்கு பின்னாடி போட்டா ஜாவா அத கண்டுக்காது, புரோகிராம் கிட்ட தள்ளி விட்டுடும். நெட்லோகோ மாதிரி தன் ஜாவாவோட வர்ற புரோகிராமுக்கு அதோட கான்ஃபிக் ஃபைல்ல மாத்தணும். ஹீப்புக்கு, அதாவது ஜாவா எடுத்துக்குற மெமரிக்கு, எடம் ஒதுக்க முடியலன்னு எரர் வந்தா, நீங்க வெச்சிருக்குறது 32 பிட் ஜாவாவான்னு பாருங்க, பழைய விண்டோஸ் மெஷின்ல ரொம்ப சகஜம்.

இப்ப மூடுறது

ஜன்னல்ல எக்ஸ அமுக்கிட்டா புரோகிராம் முடிஞ்சுதுன்னு எல்லாரும் நெனைக்குறாங்க. ஜாவால அப்படி கட்டாயம் இல்ல. ஸ்விங்னு ஜாவால ஜன்னல், பட்டன் வரையுற பகுதி ஒண்ணு இருக்கு, அதுல ஒரு ஜன்னல உருவாக்குனா, எக்ஸ அமுக்கும்போது என்ன பண்ணணும்னு எழுதுனவர் சொல்லலன்னா, அது ஜன்னல மறைக்க மட்டும்தான் செய்யும். பின்னாடி சிமுலேஷன் லூப் ஓடிட்டே இருக்கும். கடைல ஷட்டர மட்டும் எறக்கிட்டு உள்ள அடுப்ப எரிய விட்ட மாதிரி. அந்த ஸ்விங் ஜன்னலுக்கு எக்சிட் ஆன் குளோஸ்னு ஒரு வரி சேத்தாத்தான் முழுசா நிக்கும், ஸ்டூடண்ட்ஸ் எழுதுற புரோஜெக்ட்ல பாதில அந்த வரி இருக்காது. லாஜிசிம், நெட்லோகோ மாதிரி பெரிய புரோகிராம்ல இந்த பிரச்சன இல்ல, ஆனா லெக்சரர் கொடுத்த சின்ன ஜார்ல, ஃப்ரெண்ட் எழுதுனதுல, உங்க சொந்த அசைன்மெண்ட்ல கட்டாயம் செக் பண்ணுங்க.

செக் பண்றது எப்படி? கமாண்ட் பிராம்ப்ட்லருந்து தொறந்தா இங்கதான் லாபம். ஜன்னல மூடுனப்பறம் கமாண்ட் பிராம்ப்ட்ல பழைய படி ஃபோல்டர் பேரு வந்து கர்சர் காத்துட்டு நின்னா முடிஞ்சது. வரலன்னா இன்னும் ஓடுது. கன்ட்ரோல் சி அடிங்க, நின்னுடும்.

லாஜிசிம்ம மூட நான் சொல்ற வரிச இது. மொதல்ல கிளாக் ஓடிட்டு இருந்தா கன்ட்ரோல் கே அடிச்சு டிக்க நிறுத்துங்க, மேக்ல கன்ட்ரோலுக்கு பதிலா கமாண்ட். அதிகபட்ச வேகத்துல, அதாவது 4.1 கிலோஹெர்ட்ஸ்ல, விட்டு வெச்சா சின்ன சர்க்கியூட்டே ப்ராசசர புடிச்சு உலுக்கும். அடுத்து ரேம் காம்பொனண்ட் உள்ள சர்க்கியூட்டா இருந்தா கவனம்: ரேம்ல இருக்குற டேட்டா சர்க்கியூட் ஃபைலோட சேவ் ஆகாது, ரோம்ல இருக்குறது மட்டும்தான், அதாவது படிக்க மட்டும் முடியுற மெமரில இருக்குறது மட்டும்தான், ஃபைல்ல தங்கும். உட்காந்து கையால ஹெக்ஸ் நம்பர் அடிச்சு ஏத்துன புரோகிராம் வேணும்னா ரேம் மேல ரைட் கிளிக் பண்ணி சேவ் இமேஜ் கொடுத்து தனி ஃபைலா வெச்சுக்குங்க, அடுத்த நாள் லோட் இமேஜ் கொடுத்தா வந்துடும். ஃபிளிப்ஃபிளாப் எந்த நிலையில இருந்துச்சுங்குறதும் தங்காது, தொறந்தா எல்லாம் ஆரம்பத்துலருந்துதான். அப்பறம் கன்ட்ரோல் எஸ், பழைய லாஜிசிம் தானா சேவ் பண்ணாது. கடைசில கன்ட்ரோல் கியூ. சேவ் பண்ணவான்னு பெட்டி வந்தா படிச்சுட்டு அமுக்குங்க, தாபாவ், அதான் பார்சல் சாப்பாடு, வாங்கப் போற அவசரத்துல டிஸ்கார்ட அமுக்குனா திரும்ப வராது.

மேக்ல சிவப்பு பட்டன் ஜன்னல மட்டும்தான் மூடும், டாக்ல ஐகானுக்கு கீழ புள்ளி இருந்தா ஆப் இன்னும் உயிரோட இருக்கு. கமாண்ட் கியூதான் மூடுறது. லேப்டாப் மூடிய சாத்துறதும் மூடுறது இல்ல, அது தூங்கப் போகுது அவ்ளோதான், தொறந்தா சிமுலேஷன் விட்ட எடத்துலருந்து ஓடும்.

நின்னு போச்சுன்னா

நாட் ரெஸ்பாண்டிங்னு வந்த ஒடனே கொல்லாதீங்க. ஸ்விங்ல பட்டன் அமுக்குறது, படம் வரையுறது எல்லாம் ஒரே த்ரெட்ல, அதாவது ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வேல நடக்குற ஒரே வரிசைல, நடக்குது, கனமான கணக்க அதே த்ரெட்ல போட்டிருந்தா கணக்கு முடியுற வரைக்கும் ஜன்னல் உறைஞ்சுதான் நிக்கும். கொஞ்ச நேரம் பொறுங்க. ப்ராசசர் ஓடிட்டு இருந்தா வேலை நடக்குது, சுத்தமா சும்மா இருந்தா மாட்டிகிச்சு.

மாட்டிகிச்சுன்னா மொதல்ல எந்த ப்ராசஸ்னு கண்டுபுடிக்கணும். ஜேடிகே போட்டவங்க ஜேபிஎஸ் -எல்னு அடிச்சா ஓடுற ஜாவா எல்லாம் நம்பரோட, ஜார் பேரோட வரும், இது மூணு சிஸ்டத்துலயும் ஒண்ணுதான். நீங்க வேற ஏதாவது ஜாவா புரோகிராம், கோடு எழுதுற ஐடிஇ, மைன்கிராஃப்ட், தொறந்து வெச்சிருந்தா அதுவும் அதே லிஸ்ட்ல நிக்கும், பேர பாத்து அடிங்க.

விண்டோஸ்ல டாஸ்க்கில் /பிஐடி போட்டு அந்த நம்பர் கொடுங்க. அப்படிக் கொடுத்தா விண்டோஸ் அந்த ஜன்னல மரியாதையா மூடச் சொல்லும், புரோகிராமுக்கு சேவ் பண்ணவான்னு கேக்க ஒரு வாய்ப்பு இருக்கு. கேக்கலன்னா பின்னாடி /எஃப் சேத்து அடிங்க, அது கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளுறது. டாஸ்க் மேனேஜர்தான் பழக்கம்னா கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப், அதுல ஓப்பன்ஜேடிகே பிளாட்ஃபார்ம் பைனரின்னு இருக்கும். லாஜிசிம்னு பேரு தேடிட்டு காணோம்னு நெறைய பேரு மூடிட்டு வந்துடுறாங்க.

லினக்ஸ், மேக் டெர்மினல்ல கில்னு போட்டு நம்பர். வெறும் கில் போட்டா புரோகிராமுக்கு தகவல் போகும், மூடும்போது செய்ய வேண்டியத, லாக் ஃபைல் எழுதுறது டெம்ப் ஃபைல அழிக்குறது, ஜாவா செஞ்சுட்டு போகும். கில் -9 போட்டா அதெல்லாம் ஒண்ணும் நடக்காது, அதே நொடில போயிடும். எடுத்ததுமே -9ன்னு அடிக்குறது சீனியர் பசங்க சொல்லிக் கொடுக்குற கெட்ட பழக்கம். மேக்ல மவுஸ்லயே முடிக்கணும்னா கமாண்ட் ஆப்ஷன் எஸ்கேப்.

கன்ட்ரோல் இசட் வேற, கன்ட்ரோல் சி வேற. லினக்ஸ் மேக் டெர்மினல்ல இசட் அடிச்சா ஸ்டாப்டுன்னு வரும், பாத்தா முடிஞ்ச மாதிரியே இருக்கும், ஆனா புரோகிராம் மெமரிய புடிச்சுகிட்டு அப்படியே நிறுத்தி வெச்சிருக்கும். ஜாப்ஸ்னு அடிச்சா லிஸ்ட் வரும், எஃப்ஜின்னு அடிச்சு முன்னாடி கொண்டு வந்து கன்ட்ரோல் சி அடிங்க.

ஏன் மாட்டிகிச்சுன்னு லெக்சரர் கிட்ட காட்டணும்னா கொல்லுறதுக்கு முன்னாடி ஜேடிகேல வர்ற ஜேஸ்டாக் போட்டு அந்த நம்பர அடிங்க, எந்த த்ரெட் எந்த வரில நிக்குதுன்னு மொத்தமா கொட்டும், காப்பி பண்ணி வெச்சுக்குங்க. உங்க சொந்த கோடா இருந்தா தப்பு எந்த வரின்னு பெரும்பாலும் அதுலயே தெரிஞ்சுடும்.

ஜன்னலே இல்லாம ஓட்டுறது

அசைன்மெண்ட் நெறைய திருத்துற டியூட்டர்ங்களுக்கும், ஒரே சர்க்கியூட்ட திரும்ப திரும்ப செக் பண்றவங்களுக்கும் இது. பழைய லாஜிசிம்ம ஜாவா -ஜார், ஜார் பேரு, சர்க்கியூட் ஃபைல் பேரு, அப்பறம் -டிடிஒய் டேபிள்னு அடிச்சா ஜன்னல் வராது, அவுட்புட் பின்னோட மதிப்பெல்லாம் டெர்மினல்லேயே டேபிளா வரும். கிளாக் உள்ள சர்க்கியூட்டா இருந்தா இது தானா நிக்காது, ஓடிகிட்டே இருக்கும். நிறுத்தணும்னா சர்க்கியூட்ல ஒரு அவுட்புட் பின் வெச்சு அதுக்கு ஹால்ட்னு சின்ன எழுத்துல பேரு வைங்க, அந்த பின் 1 ஆன ஒடனே சிமுலேஷன் தானா முடிஞ்சு டெர்மினல் உங்க கைக்கு வந்துடும். கவுண்டர் சர்க்கியூட்னா கடைசி எண்ணுக்கு ஒரு கம்பேரேட்டர் வெச்சு அதோட அவுட்புட்ட இந்த பின்ல குடுத்துடுங்க. எவல்யூஷன்ல இந்த ஆப்ஷன்ல ரெண்டு மைனஸ் போடணும், --ஹெல்ப் அடிச்சா முழு லிஸ்டும் காட்டும்.